புதுமலர் நகரில் ஒரே தட்டுப் போசனம்

‘புதுமலர்’ என்பது ஒரு நகரத்தின் பெயர். எதியோப்பிய நாட்டின் தலைநகராகிய அடிஸ் அபாபா என்பதற்கு அம்ஹாரிய மொழியில் இதுவே பொருள். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,350 மீற்றர் உயரத்தில், எந்தொட்டோ மலையின் அடிவாரத்தில் அந்நகர் பரந்து கிடக்கின்றது. நம் நாட்டின் பிதுருதலாகலை உச்சி 2,524 மீற்றர் என்பதை நினைவிற் கொண்டால், நமது மிக உயர்ந்த மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு மாநகரமே குடியேறியிருப்பது போன்ற காட்சியை வாசகர் மனத்திற் கண்டுகொள்ளலாம். பின்னர் பேரரசராகிய இரண்டாம் மெனலிக்கும் அவருடைய மனைவி தாய்த்துவும் 1886 இல் இந்நகருக்கு அடியிட்டனர்.

எதியோப்பியா என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவது பசி. 1984, 1985 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டை வாட்டிய பஞ்சத்தின் படங்கள் உலகமெங்குஞ் சென்றன. மெலிந்த பிள்ளையைக் கேலி செய்வதற்கு அந்நாட்டின் பெயரைச் சொல்லும் வழக்கங்கூட நம் வீடுகளில் உண்டு. போரும் பொருளாதாரத் தடையும் பட்டினியும் இன்னவென்று அறிந்த நாம் அப்படிச் சொல்லலாமா என்பது வேறு கேள்வி. அந்நாட்டு மக்கள் உண்ணும் முறையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு என்பதே ஈண்டு நாம் சொல்லப் புகுவது.

அண்மையில் ஆபிரிக்கக் கண்டத்திற் பிரயாணஞ் செய்து திரும்புகையில் அந்நகரிற் சில நாள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. நாம் மரக்கறி உணவு மாத்திரமே கொள்பவர். அங்கே பச்சை இறைச்சியையும் உண்பார்கள் என்றும், பாணும் வாழைப்பழமுமே நமக்குக் கதி என்றும் புறப்படுமுன் நண்பர்கள் எச்சரித்திருந்தனர். பச்சை மாட்டிறைச்சியை நறுக்கி மசாலை சேர்த்து உண்ணும் ‘கித்ஃபோ’ என்ற பண்டம் அங்கு உண்டு என்பது மெய்யே. ஆயினும் நாம் சென்றது ஒரு செவ்வாய்க்கிழமை, மறுநாள் புதன்கிழமை. புதன்கிழமையில் அந்நகரில் உணவுச்சாலை தேடிப் புறப்படும் மரக்கறிக்காரன் பாக்கியவான்!

விரத நாட்டின் விருந்து

எதியோப்பியரிற் பெருந்தொகையினர் பழைமை வாய்ந்த வைதிகக் கிறித்தவ சபையைச் சேர்ந்தவர். அவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள்கள். உயிர்த்த ஞாயிற்றுக்கு முன்வரும் பெருவிரதம் 55 நாள். இவற்றோடு வேறு விரதங்களையுஞ் சேர்த்தால், சாதாரண மக்களுக்கு ஆண்டில் ஏறக்குறைய 180 நாளும், குருமாருக்கு 250 நாள் வரையும் விரதமாகும் என்பர். விரத நாளில் இறைச்சி, முட்டை மாத்திரமன்றிப் பால், தயிர், நெய் ஆகியனவும் விலக்கு. நமது விரதக்காரர் நெய்யும் தயிருந் தாராளமாய்ச் சேர்த்துக்கொள்வர். அங்கே அதற்கும் இடமில்லை. ஆண்டிற் பாதி நாள் இவ்வாறு கழிவதால், மரக்கறிச் சமையல் அந்நாட்டிற் பெருங்கலையாக வளர்ந்துவிட்டது.

உணவுச்சாலையுள் நுழைந்து ‘ட்சோம்’ என்ற ஒரு சொல்லைச் சொன்னாற் போதும். விரதம் என்பது அதன் பொருள். பரிசாரகர் வேறு வினா வினவார். ‘பெயாய்நெத்து’ எனப் பெயரிய தட்டம் வந்து சேரும். பலவகைக் கறிகளையும் ஒன்றாய்ப் படைப்பது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

அத்தட்டத்தைக் காணும் யாழ்ப்பாணத்தவருக்கு முதலில் எழுவது, ‘இவற்றையெல்லாம் நாம் அறிவோமே’ என்ற எண்ணந்தான். செக்கச் சிவந்த பருப்புக் கறி. அதன் பெயர் ‘மிசிர் வொத்’. நம் கடைகளில் மைசூர்ப் பருப்பு என விற்கும் அதே பருப்பு. மஞ்சள் சேர்த்த கடலைவகைப் பருப்பு ஒரு புறம். கோவாவும் கரட்டும் உருளைக்கிழங்குஞ் சேர்ந்த பிரட்டல் ஒரு புறம். போஞ்சிக்காய், பீற்றூட், கீரை ஆகியவை வேறு புறங்களில். நடுவிலே கடலை மாவைக் கரைத்துக் காய்ச்சிய ‘ஷிரோ’ என்னுங் குழம்பு கொதிக்கக் கொதிக்க ஊற்றப்படும்.

சுவையோ வேறு. வெங்காயத்தைப் பொடியாய் அரிந்து, எண்ணெய் விடாமலே சட்டியிலிட்டு, அதன் நீர் வற்றும்வரை நெடுநேரங் கிளறுவர். அதன் பின்னரே எண்ணெயும் ‘பெர்பெரே’ என்னும் மசாலைத் தூளுஞ் சேரும். செத்தல் மிளகாய், உள்ளி, இஞ்சி, கொத்தமல்லி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், அந்நாட்டு ஏலம் ஆகியன அத்தூளிற் கலந்திருக்கும். நமது கறித்தூளுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி எனலாம். தேங்காய்ப்பால் மாத்திரம் எங்குந் தென்படாது.

நுண்ணிய தானியம், அகன்ற அப்பம்

இக்கறிகள் யாவும் படைக்கப்படுவது ‘இஞ்செரா’ என்னும் அகன்ற அப்பத்தின்மேல். அரை மீற்றர் வரை குறுக்களவு உடையது அது. தட்டத்தை முழுதும் மூடி விரிக்கப்பட்டிருக்கும். அதன் மூலப்பொருள் ‘தெஃப்’ என்னும் தானியம். கடுகினும் மிகச் சிறியது. ஒரு கோதுமை மணியின் நிறைக்கு ஏறக்குறைய 150 தெஃப் மணிகள் வேண்டும் என்பர்.

தெஃப் மாவை நீரிற் கரைத்து, முன்னைய மாவின் புளித்த நீரை உறையாய் ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்க விடுவர். மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்துவிட்டு, மாவில் ஒரு பகுதியை எடுத்துக் காய்ச்சி மீண்டுஞ் சேர்ப்பர். பின்பு ‘மித்தாத்’ என்னும் அகன்ற வட்டக் கல்லில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுழற்றிச் சுழற்றி வார்த்து மூடிவிடுவர். நம் அப்பத்தைப் போலவே அதனையும் புரட்டிப் போடுவதில்லை. அடி வழவழப்பாயும், மேற்புறம் ஆயிரம் நுண்துளைகளுடனும் அமையும். அத்துளைகளை அவர்கள் ‘கண்கள்’ என்றே அழைக்கின்றனர். கண் நிறைந்த இஞ்செராவே நல்ல இஞ்செரா. கறியின் சாற்றை உறிஞ்சிக்கொள்வன அக்கண்களே. வெண்ணிறத் தெஃப் விலை கூடியது. கபில நிறத்தது மலிவு. வறியவர் வாற்கோதுமையையோ சோளத்தையோ கலந்து சுடுவர்.

அந்தத் தானியத்திற்கு உரிமை யாருடையது என்ற வழக்கும் ஒன்று நிகழ்ந்தது. தெஃப் மாவைப் பதப்படுத்தும் முறைக்கு நெதர்லாந்து நாட்டு நிறுவனமொன்று 2007 இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றது. பல நூற்றாண்டாய் எதியோப்பியப் பெண்கள் செய்துவந்த வேலையைத் தமது கண்டுபிடிப்பென்று பிறர் சொல்வதா என்ற குரல் எழுந்தது. ஹேக் நகர நீதிமன்றம் 2018 இல் அக்காப்புரிமை நெதர்லாந்திற் செல்லாது எனத் தீர்த்தது.

தெஃப் நமக்குப் புதிதாயினும், அம்மண்ணின் இன்னொரு தானியத்தை நாம் நன்கு அறிவோம். நமது குரக்கன் கிழக்காபிரிக்க மேட்டுநிலத்திலிருந்தே தென்னாசியாவிற்கு வந்தது என்பது தாவரவியலார் துணிபு. கி. பி. 6 ஆம் நூற்றாண்டிற் கொஸ்மஸ் என்னுங் கிரேக்க வணிகர், இலங்கைத் துறைமுகங்களுக்கு எதியோப்பியாவிலிருந்து கப்பல்கள் வந்தன என்று எழுதிவைத்திருக்கின்றார். ஆகவே இத்தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று.

ஆறு மணிக்குப் பகலுணவு

அந்நகர்ப் பள்ளியொன்றிற் கணிதங் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் நமக்கு அறிமுகமானார். “நாளை ஆறு மணிக்கு எங்களோடு உண்ண வாருங்கள், ஆசிரியரே” என்று அழைத்தார். மாலை உணவோ என வினவினோம். அவர் நகைத்து, “எங்கள் ஆறு மணி நண்பகல்” என்றார். எதியோப்பியர் சூரியோதயத்திலிருந்து நேரத்தைக் கணக்கிடுகின்றனர். விடிந்து ஒரு மணி நேரஞ் சென்றால் அவர்களுக்கு மணி ஒன்று. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இஃது எளிதில் விளங்கியிருக்கும். ஆண்டுக் கணக்கும் வேறு. அவர்களுடைய ஆண்டில் 13 மாதங்கள். நம் நாட்காட்டிக்கு ஏழு அல்லது எட்டு ஆண்டு பின்தங்கி அது நடக்கின்றது. அவ்விருந்தில் நமக்கு வயது எட்டுக் குறைந்ததென்று நண்பர் வாழ்த்தினார்.

நகரின் பழைய பகுதியில் உள்ள ஒரு சிறு உணவுச்சாலையிற் கூடினோம். நண்பர், அவருடைய முதிய தாயார், மனைவி, அதே பள்ளியிற் சரித்திரங் கற்பிக்கும் முஸ்லிம் ஆசிரியர், நாம் என ஐவர். பணியாளர் ஒருவர் கெண்டியும் தாம்பாளமும் ஏந்தி வந்து ஒவ்வொருவர் கையிலும் நீர் வார்த்தார். பின்பு ஒரே ஒரு தட்டம் வந்தது. ஐவருக்கும் அது ஒன்றே. கரண்டியில்லை, முட்கரண்டியில்லை. வலக்கையால் இஞ்செராவிற் சிறு துண்டைக் கிள்ளி, அதனாற் கறியைப் பற்றி எடுத்து, விரல் வாயிற் படாமல் உண்ண வேண்டும். தத்தம் பக்கத்தில் உள்ளதையே எடுப்பது மரியாதை. எட்டிக் கைநீட்டுவது அழகன்று.

உண்ணுங்கால் முஸ்லிம் ஆசிரியர் சொன்ன ஒரு சொல் நம் நெஞ்சிற் பதிந்தது. “இறைச்சி வந்தால் எங்களுக்கு இரண்டு தட்டு வேண்டும். இன்று ஒன்றே போதும்” என்றார். அதன் காரணத்தையும் விளக்கினார். கிறித்தவர் அறுத்த இறைச்சியை முஸ்லிம்கள் உண்பதில்லை. முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறித்தவரும் உண்பதில்லை. இறைச்சிக் கடைகளிலே சிலுவையோ பிறையோ அடையாளமாய் இருக்கும். கலியாண வீடுகளில் இரு சாராருக்கும் வெவ்வேறாய்ச் சமைத்துப் படைப்பது வழக்கம். விரதத் தட்டத்திலோ அறுத்தது எதுவுமில்லை. ஆகவே கிறித்தவரும் முஸ்லிமும், சைவராகிய நாமும் ஒரே தட்டத்தைச் சூழ்ந்து அமர முடிந்தது.

ஊட்டுங் கை

உணவு நடுவில் இருக்கையில், நண்பரின் தாயார் இஞ்செராத் துண்டிற் பருப்பையுங் கீரையையும் பொதிந்து, கவளமாய் உருட்டி, நம் வாயை நோக்கி நீட்டினார். “அம்மா தருகின்றார்; இதை மறுக்கலாகாது” என்றார் மகன். இவ்வாறு ஊட்டுவதற்குக் ‘குர்ஷா’ என்று பெயர். விருந்தினருக்கும் மூத்தோருக்கும் மணமக்களுக்கும் அன்பின் அடையாளமாய் அளிக்கப்படுவது. கவளம் எவ்வளவு பெரிதோ அன்பும் அவ்வளவு பெரிது என்று கொள்வர்போலும்! நாம் வாய் திறந்து வாங்கிக்கொண்டோம். தாயார் மகிழ்ந்து இரண்டாவது கவளத்தையும் உருட்டினார்.

அக்கணத்தில் நம் உள்ளத்தில் ஓடிய எண்ணங்களை மறைக்க விரும்பவில்லை. எச்சில் என்ற சொல்லோடு வளர்ந்தவர் நாம். ஒருவர் உண்ட தட்டில் மற்றவர் கை வைப்பதில்லை. தண்ணீரை அண்ணாந்து குடிக்க வேண்டும். அடுத்தவர் இலையிற் சோறு சிந்தலாகாது. இவை நமக்கு இளமையிலேயே ஊட்டப்பட்ட ஒழுக்கங்கள். சுத்தத்தின் பொருட்டு ஏற்பட்டவை எனின் அவற்றிற் குற்றமில்லை. ஆனால் அவை சுத்தத்தோடு நின்றனவா?

யாழ்ப்பாணத்திலே, 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில், பள்ளிக்கூடங்களிற் சகல பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமரவும் சம போசனங் கொள்ளவும் வேண்டும் என்ற முயற்சி எழுந்தபோது, அதற்கு எதிர்ப்புக் கிளம்பிற்று. சில பள்ளிகள் தீக்கிரையாயின. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறிய பின்னரும், தேநீர்க்கடையுள் நுழைந்து மற்றவரோடு அமர்ந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்கும் உரிமைக்காக நம்மிற் ஒரு சாரார் போராட வேண்டியிருந்தது. சைவச் சாப்பாட்டுக்கடை என்ற பலகை சிலருக்கு வரவேற்பாயும் வேறு சிலருக்கு வேலியாயும் நின்ற காலம் அது. நாம் புனிதமென்று போற்றும் மரக்கறி உணவு, நம் ஊரிலே மனிதரைப் பிரித்து இருத்தப் பயன்பட்டது. அடிஸ் அபாபாவில் அதே மரக்கறி உணவு, பிரிந்து உண்பாரை ஒன்றாய் இருத்தக் கண்டோம்.

எதியோப்பியர் இவ்விடயத்திற் குறையற்றவர் என்று சொல்ல வரவில்லை. காப்பியின் தாயகமாகிய காஃபாப் பகுதியில் வாழும் மஞ்சோ என்னும் மக்களோடு ஏனையோர் சேர்ந்து உண்பதில்லை என்ற கொடுமை நெடுங்காலம் நிலவியது. குயவரையும் கொல்லரையும் தள்ளிவைக்கும் வழக்கமும் அந்நாட்டில் உண்டு. வடபுலத்தில் 2020 நவெம்பரில் மூண்ட போர், 2022 நவெம்பரில் ஒப்பந்தங் காணும்வரை எண்ணற்ற உயிர்களைக் குடித்தது. ஒரே தட்டில் உண்ணும் வழக்கம் உள்ள நாடு என்பதாற் பகை இல்லாது போய்விடவில்லை. ஆயினும் அத்தட்டம் அங்கே இருக்கின்றது. யார் யாரை அழைத்து அதைச் சூழ இருத்துவது என்பது அம்மக்கள் கையில் உள்ளது.

நமக்கும் இக்கலை அடியோடு தெரியாததன்று. நம் தாய்மார் இரவில் மீதமுள்ள சோற்றையுங் கறிகளையும் ஒரே சட்டியிற் குழைத்து, பிள்ளைகளைச் சுற்றிலும் இருத்தி, ஒவ்வொரு கையிலும் ஒவ்வோர் உருண்டையாய்க் கொடுத்த குழையலின் சுவையை மறந்தவர் யார்? அச்சட்டி ஒன்று, அக்கை ஒன்று. அங்கே எச்சில் என்ற பேச்சு எழவில்லை. குர்ஷா என்பதும் அந்தக் குழையல் உருண்டையே. ஒரு வேறுபாடுதான். நாம் அதை வீட்டு வாசலுக்குள் நிறுத்திக்கொண்டோம். எதியோப்பியத் தாய் அதை அயல்நாட்டு விருந்தினன் வாய்வரை நீட்டுகின்றாள்.

சோறு விற்பதும் காப்பி வார்ப்பதும்

சோறு விற்றல் பாவம் என்று நம் முன்னோர் கருதினர் அல்லவா? எதியோப்பியரும் அவ்வாறே எண்ணினர் போலும். அந்நகரின் முதல் விடுதியென்று சொல்லப்படுவது, பேரரசி தாய்த்துவின் பெயரால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. காசு கொடுத்து உண்பது பழக்கமில்லாத மக்கள் அதனுள் வரத் தயங்கினராம். பேரரசர் மெனலிக் தாமே பிரபுக்களோடு சென்று, உண்டு, பணமுங் கொடுத்து வழிகாட்டினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. 2015 ஜனவரியில் அவ்விடுதியில் நேர்ந்த தீ அதன் ஒரு பகுதியை அழித்தது.

உணவின் பின் காப்பி. அதை அவசரமாய்க் குடித்துவிட்டு எழ முடியாது. தரையிற் பசும்புல் பரப்பி, சிறு முக்காலியில் ஒரு பெண் அமர்ந்து, பச்சைக் காப்பிக் கொட்டையை நம் கண்முன்னே வறுக்கின்றாள். எழும் புகையை ஒவ்வொருவரும் முகரும்படி சட்டியைச் சுற்றிக் காட்டுகின்றாள். பக்கத்திற் சாம்பிராணி போன்ற தூபம் எரிகின்றது. இடித்த தூளைக் கரிய மண் கூசாவிலிட்டுக் காய்ச்சி, பிடியில்லாச் சிறு கிண்ணங்களில் உயரத்திலிருந்து வார்க்கின்றாள். முதல் வார்ப்பு ‘அபோல்’, இரண்டாவது ‘தோனா’, மூன்றாவது ‘பரகா’. மூன்றாவதன் பெயருக்கு ஆசீர்வாதம் என்று பொருள். அதைக் குடியாமல் எழுவது முறையன்று. 1869 இல் இலைநோய் தோன்றி அழியுமுன்னர் நம் மலைநாடும் காப்பி நாடாகவே இருந்தது. நமக்கு அது ஏற்றுமதிப் பண்டம். அவர்களுக்கு அது அயலவரை அழைத்து ஊர்ச்செய்தி பேசும் நேரம்.

அத்தட்டத்திற் கடைசியாய் உண்ணப்படுவது அடியில் விரித்த இஞ்செரா. எல்லாக் கறிகளின் சாறும் அதில் ஊறிக் கலந்திருக்கும். எது எக்கறியின் சுவை என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதுவே மிகச் சுவையான பகுதி என்று அந்நாட்டார் சொல்கின்றனர்.

நம் பிள்ளைகள் இனி எதியோப்பியா என்ற பெயரைக் கேட்டாற் பசியை மாத்திரம் நினைத்துக் கேலி செய்யாதிருக்கட்டும். உள்ளதைப் பகிர்ந்து உண்ணும் ஒரு மக்களையும் நினைக்கட்டும். நம் கோயில் அன்னதான மடங்களிலும், பள்ளி விழாக்களிலும், ஊர்க் கலியாண வீடுகளிலும் நாம் பந்தி விரிக்கும்போது, யார் அழைக்கப்படவில்லை, யார் கடைசிப் பந்திக்கென நிறுத்தப்பட்டிருக்கின்றார் என்று ஒருமுறை சுற்றிப் பார்ப்போமாக. அவருக்கு முதல் இலையை இடுவதற்கு எதியோப்பியாவரை போகவேண்டியதில்லை.